‘யோ’ உதிர்ந்த இடம்

பிறமொழிப் படங்களுக்கும் தொடர்களுக்கும் தமிழ் வசனம் எழுதுவது என் வேலை. செம்பூரில் ஹார்பர் ரயிலைப் பிடித்து, வடாலாவில் மாறி, அந்தேரியில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்வருவதிலேயே பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. குடும்பக் கதை, பேய்ப் படம், கார்ட்டூன் என்று கைக்கு வந்ததையெல்லாம் எழுதியிருக்கிறேன். ஆனால் குற்றவாளியின் மனத்துக்குள்ளும் அவனைத் துரத்துபவரின் மனத்துக்குள்ளும் ஒருசேர இறங்கிப் பார்க்கும் துப்பறியும் கதைகளில்தான் நான் அதிகம் தடுமாறியிருக்கிறேன். அவற்றில் துப்பாக்கிச் சத்தம் குறைவு. ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், எதிரெதிரே இரண்டு பேர், அவ்வளவுதான். வசனம் பிசகினால் காட்சியே பிசகிவிடும்.

ஆரம்ப காலத்தில் என் காவல் அதிகாரிகள் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்களாக இருந்தார்கள். தமிழ்ப் படங்களில் பார்த்துப் பழகிய அதே மிடுக்கோடு ‘டேய், உண்மையைச் சொல்லுடா’ என்பார்கள். எதிரில் இருப்பவன் ‘சார், சார்’ என்று குழைவான். ஆங்கிலப் பிரதியில் இருவருக்கும் பொதுவாக ‘யூ’ என்ற ஒரே சொல் இருக்கும். அதை நீ ஆக்குவதா, நீங்கள் ஆக்குவதா என்று நான் யோசித்ததே இல்லை. சீருடையைப் பார்த்ததும் கை தானாகவே ‘நீ’ என்று எழுதிவிடும்.

கொரியத் தொடர்களும் எங்களுக்கு ஆங்கிலப் பிரதியாகத்தான் வந்து சேரும். அப்படி வந்த ஒரு தொடரில், கொலைச் சந்தேகத்துக்கு ஆளான பள்ளி ஆசிரியர் ஒருவரை மூன்று முறை விசாரிக்கிறார்கள். ஆசிரியர் என்பதால் அவரை மட்டும் மரியாதையாகப் பேசவைத்திருந்தேன். அவருக்குக் குரல் கொடுத்தவர் தாராவியில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பிள்ளை. மூன்றாம் விசாரணையின் நடுவில் அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்: “அண்ணாச்சி, இதுவரைக்கும் இந்த ஆளு வரிக்கு வரி கடைசியில ‘யோ’, ‘யோ’ன்னு முடிச்சிக்கிட்டு இருந்தாரு. இந்த இடத்துல இருந்து அது இல்ல. நாம மட்டும் அப்படியே மரியாதையா போறோமே?”

திரும்ப ஓடவிட்டுக் கேட்டேன். அவர் சொன்னது சரிதான். எனக்குக் கொரிய மொழி தெரியாது. ஆனால் அந்த ‘யோ’ எதிரில் இருப்பவருக்குக் காட்டும் மரியாதையின் அடையாளம் என்ற அளவுக்கு, இத்தனை தொடர்களைக் கேட்ட காதுக்குத் தெரியும். ஆசிரியர் அதை உதிர்த்துவிட்டார். குற்றத்தை அவர் ஒப்புக்கொள்வதற்கு இன்னும் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. ஆனால் முகமூடி இங்கேயே கழன்றுவிட்டது, ஆங்கிலப் பிரதியில் அதற்கு ஒரு தடயமும் இல்லை. ‘உங்களுக்கு என்ன தெரியணும்’ என்று நான் எழுதியிருந்த வரியை அந்த வாயசைவுக்குள் அடக்குவதற்காக அவரை வேகமாகப் பேசச் சொல்லியிருந்தேன். ‘உனக்கு என்ன தெரியணும்’ என்று மாற்றியதும் ஓர் அசை குறைந்து, அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்துவிட்டது. மீதிக் காட்சி முழுவதையும் அன்றே திருத்தி எழுதினேன்.

தேநீர் நேரத்தில் அவர் இன்னொன்றும் சொன்னார். இந்தியில் எதிரில் இருப்பவரை ஆப், தும், தூ என்று மரியாதை இறங்கிக்கொண்டே போகும் மூன்று படிகளில் அழைக்கலாம். தாராவியில் அவர் வளர்ந்த தெருவில், போலீஸ்காரர் ‘தூ’ என்று அதட்டினால் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ள மாட்டார்களாம். “அவரு ‘ஆப்’னு ஆரம்பிச்சாத்தான் அண்ணாச்சி வயித்தக் கலக்கும். கையில ஏதோ வெச்சிருக்காருன்னு அர்த்தம்.” விசாரிப்பவரின் உளவியலைப் பற்றி எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த பாடம் அதுதான். அதன்பிறகு என் அதிகாரிகள் கத்துவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

1991இல் வந்த ‘சைலன்ஸ் ஆஃப் த லேம்ப்ஸ்’ படத்தை இந்தக் காதோடு மறுபடி பார்த்தபோது வேறு படமாகத் தெரிந்தது. சிறைக்குள் இருக்கும் தொடர்கொலைகாரர் லெக்டர், விசாரிக்க வந்த பயிற்சி மாணவியின் கைப்பையையும் மலிவான காலணியையும் பார்த்தே அவள் பிறந்து வளர்ந்த நிலையைப் புட்டுப்புட்டு வைக்கிறார். பிறகு, ஒரு தகவலுக்கு ஒரு பால்ய நினைவு என்று அவளிடமே பேரம் பேசுகிறார். அதைத் தமிழில் எழுத நேர்ந்தால் அவரை ஓரிடத்தில்கூட ‘நீ’ என்று சொல்லவிட மாட்டேன். அவருடைய கொடூரம் முழுவதும் அந்த நாகரிகமான ‘நீங்க’வுக்குள் இருக்கிறது.

கொரிய மொழி தமிழுக்குத் தரும் இன்னொரு வசதி, அதிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவது. ‘அன்னைக்கு ராத்திரி அவள நான்…’ என்று சொல்லி ஒருவன் நிறுத்தினால், கொன்றானா, காப்பாற்றினானா, பார்க்கவே இல்லையா என்பது அந்தக் கடைசிச் சொல்லில் தொங்குகிறது. ஆங்கிலத்தில் அது பாதி வாக்கியத்திலேயே வெளியே வந்துவிடும். நல்ல விசாரணை அதிகாரி அந்தச் சொல்லுக்காகக் காத்திருப்பார். மோசமானவர் தானே எடுத்துக் கொடுப்பார்.

எடுத்துக் கொடுப்பதால் என்ன ஆகும் என்பதைக் கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோவின் ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ (2003) காட்டுகிறது. 1986 முதல் 1991 வரை தென்கொரியாவின் ஹ்வாசாங் பகுதியில் பத்துப் பெண்கள் கொல்லப்பட்ட உண்மைச் சம்பவங்களிலிருந்து பிறந்த படம் அது. ஆளைப் பார்த்தாலே குற்றவாளி யாரென்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்ளும் துப்பறிவாளர், அடித்தும் உதைத்தும் வாக்குமூலம் வாங்கப் பார்க்கிறார். நிஜத்தில், அந்தக் கொலைகளில் ஒன்றுக்காக ஒரு நிரபராதி சுமார் இருபது ஆண்டுகள் சிறையில் கழித்தார். உண்மையான கொலையாளி 2019இல் மரபணுச் சோதனையால் அடையாளம் காணப்பட்டபோது, வேறொரு கொலைக்காக அவன் ஏற்கெனவே சிறையில்தான் இருந்தான். நிரபராதிக்கு 2020இல்தான் விடுதலைத் தீர்ப்புக் கிடைத்தது.

படத்தில், மழையில் சுரங்கப்பாதை வாயிலில், சந்தேகத்துக்குரியவனின் முகத்தைப் பிடித்து நெடுநேரம் உற்றுப்பார்த்துவிட்டு, தெரியவில்லை என்று அந்தத் துப்பறிவாளர் ஒப்புக்கொள்கிறார். அடுத்து அவர் சொல்லும் வரி, நடிகர் சாங் காங்-ஹோ தானாகச் சேர்த்தது. ஆங்கில வசனவரியில் ‘நீயும் காலையில் எழுந்திருக்கிறாயா’ என்ற பொருளில் வந்தது. கொரியத்தில் அவர் கேட்பதோ, சாப்பாடு சாப்பிடுகிறாயா என்று. எதிரே வருபவரிடமெல்லாம் ‘சாப்டீங்களா’ என்று கேட்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

யாரும் கேட்காமலே ஒருநாள் ரயிலில் அந்த வரியை மூன்று விதமாக நோட்டில் எழுதிப் பார்த்தேன். ‘சோறு தின்னுட்டுத்தான் திரியிறியா?’ ‘வேளாவேளைக்குச் சாப்பிடுறியா?’ ‘உனக்கெல்லாம் சோறு இறங்குதா?’ கூடத்தில், ஆசிரியருக்குக் குரல் கொடுத்த அந்தத் தம்பியிடம் நோட்டைக் கொடுத்தேன்.

“யாரு யார்கிட்ட கேக்குறது அண்ணாச்சி?”

“போலீஸ்காரர். விட்டுவிடப்போகிற ஆளிடம்.”

மூன்றையும் முணுமுணுத்துப் பார்த்துவிட்டு இரண்டாவதன்மேல் விரல் வைத்தார். அதற்குள் ஒலிப்பதிவாளர் அடுத்த வசனத் துண்டைப் பதிவுசெய்யக் கூப்பிட்டுவிட்டார்.