ஆறு பாய் அறையில் குடித்தனம்

மதுரையில் நாங்கள் விட்டுவந்த வீடு 1,200 சதுர அடி; டோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில் எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது 40 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 430 சதுர அடி. இந்தியர்கள் நிறைய வாழும் பகுதி என்பதால் புளிக்கும் பருப்புக்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. கொண்டுவந்த பெட்டிகளை எங்கே வைப்பது என்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்கு, 2006-இல் வகுத்த வாழிடத் திட்டத்தில் ஜப்பானிய அரசு ஒரு கணக்கே போட்டிருக்கிறது. இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வாழும் வீட்டுக்குக் குறைந்தபட்சம் ஆளுக்கு 10 சதுர மீட்டர், பொதுவில் இன்னொரு 10. நகரத்து அடுக்ககங்களில் எட்ட வேண்டிய அளவு ஆளுக்கு 20, பொதுவில் 15. மூன்று வயது நிறைந்து ஆறு வயது ஆகாத குழந்தை அரை ஆள். எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயதாகையால் நாங்கள் இரண்டரைப் பேர். குறைந்தபட்சக் கணக்குப்படி 35 சதுர மீட்டரே போதும். (வீட்டில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டது அந்த அரை ஆள்தான்.)

பெரிய அறையில் தரையையே மூடும் ஆறு தத்தாமிப் பாய்கள்; இங்கே அறையின் அளவைப் பாய்க் கணக்கில் சொல்வார்கள். வீட்டு விளம்பரத்தில் ஒரு பாய்க்கு 1.62 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்ற விதிப்படி பார்த்தால், அறை நூறு சதுர அடியைச் சற்றே தாண்டும். கட்டில் போட்டால் நடக்க வழியிராது என்பதால் இரவில் ஃபுட்டான் என்னும் மடிக்கும் மெத்தையை விரித்தோம்; காலையில் அதை மடித்து, ஓஷீரே எனப்படும் இரண்டு தட்டுச் சுவரலமாரியில் ஏற்றிக் கதவைத் தள்ளி மூடிவிட்டால், அதே அறை பகலில் மகளின் விளையாட்டிடமாகவும் மாலையில் வரவேற்பறையாகவும் மாறிவிடும். பாயைச் சுருட்டி மூலையில் சாத்திய என் தாத்தா வீட்டிலும் இப்படித்தான் இருந்தது. கட்டில் வந்த பிறகுதான் படுக்கைக்கென்று தனியறை தேவைப்பட்டது என்று இப்போது தோன்றுகிறது.

பொருள்களைச் சேர்க்காமல் இருக்க ஊரே பழக்கிவிடுகிறது. ஏறத்தாழ 30 சென்டிமீட்டரைத் தாண்டிய பெரும்பாலான பொருள்களை எறிய, முன்பதிவு செய்து, கடையில் 200 அல்லது 300 யென் சீட்டுகளைத் தேவையான அளவு வாங்கி ஒட்டி, குறித்த நாளில் வெளியே வைக்க வேண்டும். ஒரு நாற்காலி வாங்கும்போதே அதை எறிய ஆகும் செலவும் நினைவுக்கு வந்துவிடும். ஊரிலிருந்து கிரைண்டர் கொண்டுவரும் ஆசையை மின்சாரமே தீர்த்துவைத்தது: இங்கே 100 வோல்ட், மின்மாற்றியும் சேர்த்து வைத்தால் சமையல் மேடையில் காய் நறுக்க இடமிராது. மாவு இப்போது மிக்ஸியில், சிறிது சிறிதாக.

ஆனால் அரசின் கணக்கில் விருந்தாளிக்கு இடமில்லை. விசாவில் வந்த அம்மா வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “நம்ம ஆளுக நாலு பேரு வந்தா எங்கடி படுப்பாக?” என்றுதான் முதலில் கேட்டார். மதுரை வீட்டின் மூன்றாவது அறை ஆண்டில் பாதி நாள் பூட்டியே கிடந்தது; ஆயினும் அது இருந்ததால்தான் சித்தப்பா யாரையும் கேட்காமல் வந்திறங்கினார். எங்கள் மூவருக்கு இந்த வீடு தாராளம் என்பதில் எனக்கு ஐயமில்லை. உறவினர் வந்து தங்கும் வழக்கத்துக்கு இது போதாது என்பதும் அதே அளவுக்கு உண்மை. சில பெரிய அடுக்ககங்களில் குடியிருப்போர் நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளும் விருந்தினர் அறை உண்டு என்று அறிந்த பின், அடுத்து மாறும்போது பெரிய வீட்டைத் தேடாமல், இதே அளவில் அப்படியோர் அறையுள்ள கட்டடத்தைத் தேடுவதென்று முடிவு செய்திருக்கிறோம்.