கொழிஞ்சாம்பாறையில ஹாப்ஸ் சோடா

கேரளத்துல லைசன்ஸ் இல்லாம வீட்டுல பீர் காய்ச்ச அப்காரி சட்டம், அதாவது மதுபானச் சட்டம், விடாது. ஆனா பீருக்குக் கசப்பும் வாசமும் குடுக்கற ஹாப்ஸ்ங்கறது ஒரு கொடியோட பூ. மால்ட்டும் (மொளைகட்டின தானியம்) ஈஸ்ட்டும் சேராட்டி அதுல போதை ஏது? அதனால புது கெக்கும் (குழாய் வெச்ச பீப்பா) கார்பன் டை ஆக்சைடு கேஸ் சிலிண்டரும் வந்து இறங்கினதும் ஹாப்ஸ் சோடாதான் போட்டேன்.

ஹாப்ஸைப் போட்டுக் கொதிக்க விடக் கூடாது. கொதிச்சா அதுல இருக்கற ஆல்ஃபா அமிலம் உருமாறி கசப்பு தூக்கிடும், வாசனையும் ஆவியாப் போயிடும். கொதிச்ச தண்ணிய 75 டிகிரிக்கு ஆறவிட்டு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, லிட்டருக்கு 2 கிராம் சிட்ராங்கற ஹாப்ஸ் ரகம் போடணும். பூவ அரைச்சு அழுத்தின குச்சிங்க, பாக்க கோழித் தீவனம் மாதிரி, ஆனா பச்சையா இருக்கும். தண்ணி பட்டதும் உப்பி உதிரும், அப்பத்தான் ஆரஞ்சுத் தோலும் மாங்காயும் கலந்த ஒரு வாசம் குப்புனு ஏறும். அதுக்காகவே இந்தச் செலவு தகும். 20 நிமிஷத்துல துணியில வடிகட்டிடணும்.

கேஸ் ஏத்தறதுக்கு முன்னாடி நல்லா ஜில்லுனு ஆகணும். சூட்டுல கேஸ் தண்ணியில நிக்காது. 4 டிகிரியில 30 பிஎஸ்ஐ அழுத்தம், ராத்திரி பூரா.

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக் கள்ளு குடிச்சுப் பழகுன மாமா ஒரு வாய் குடிச்சார். "ஏனுங் மாப்ளே, இது சோடாவா, கசாயமா?"

அடுத்த டம்ளர அவரே குழாயத் தெறந்து புடிச்சுக்கிட்டார்.