கிணற்றடியில் ஒரு பதிவு

நேற்றுப் பின்னேரம் கிணற்றடியில் நின்று நான் போட்ட சத்தத்தில், எங்கள் வீட்டில் யாரோ மோசம் போய்விட்டார்கள் என்று மூன்று பேர் ஓடி வந்துவிட்டார்கள். பக்கத்து வளவு மாமி வரும்போதே மூக்கைச் சிந்திக்கொண்டுதான் வந்தார். யார் என்று கேட்டுவிட்டு அழுகிற பழக்கம் அவருக்கு இல்லை, அழுதுவிட்டுத்தான் கேட்பார். கொம்பியூட்டரில் இருக்கிற விண்டோஸ் கள்ளக் கொப்பி இல்லை என்று கீ என்ற எழுத்துவரிசையைக் கொடுத்து உறுதிப்படுத்துகிறோம், அதாவது ஆக்டிவேட் செய்கிறோம் என்று சொன்னதும், "சரி, உதுக்கோ" என்று கிணற்றுக்கட்டில் குந்திவிட்டார். வந்ததற்கு ஒரு தேத்தண்ணியாவது குடிக்காமல் போவதில்லை என்ற இருப்பு.

எல்லாம் போன கிழமை விழுந்த இடியால் வந்த வினை. இரணைமடுப் பக்கம் கறுக்கத் தொடங்கினால் அம்மா என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியும். ரிவி வயர், பிரிட்ஜ் வயர், தண்ணீர் மோட்டர் வயர் எல்லாம் கழற்றி, நிலைக்கண்ணாடிக்குச் சீலை போட்டு, அலவாங்கைத் தூக்கி வேலிக்கரையில் எறிந்துவிட்டுத்தான் உட்காருவார். அன்றைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கொம்பியூட்டர் வயரை மட்டும் தொடவில்லை. ஏன் என்று கேட்டால், "அது பிள்ளை படிக்கிற சாமானெல்லோ, நான் கண்டபாட்டுக்குப் பிடுங்கலாமோ" என்கிறார். இடிக்கு அந்த மரியாதை எல்லாம் தெரியவில்லை. ஒரு வெளிச்சம், ஒரு சத்தம், பிறகு கருகின மணம்.

கிளிநொச்சி ரவுணில் ஒரு கடை. பெயர் வேண்டாம், தம்பி நல்ல பிள்ளை. மதர்போட் என்கிற உள்ளே இருக்கிற முக்கிய பலகை, பாவிச்சது ஒன்று தேடிப் பிடித்துப் போட்டு, விண்டோஸ் 10-ஐயும் புதிதாக ஏற்றித் தந்தான். "அண்ணை, உங்களிட்ட ஒறிஜினல் கீ இருக்கெண்டு சொன்னீங்களெல்லோ, வீட்ட போய் நெற்றைப் போட்டு அடிச்சு விடுங்கோ. அஞ்சு நிமிச வேலை."

இந்த அஞ்சு நிமிசம் என்ற சொல்லை வன்னியில் யாராவது சொன்னால் நான் பாயைத் தட்டிப் போட்டுப் படுத்துவிடுவேன். பரந்தன் சந்தியில் பஸ் அஞ்சு நிமிசத்தில் வரும். கச்சேரியில் ஐயா அஞ்சு நிமிசத்தில் வருவார். கறண்ட் நின்றால் அஞ்சு நிமிசத்தில் வரும். அந்த அஞ்சு நிமிசங்களை எல்லாம் கூட்டினால் எனக்கு இன்னும் கலியாணமே ஆகியிருக்காது.

ஆனால் ஒறிஜினல் கீ விசயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது உண்மை. நான் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போனது 2003-இல். ஏ9 பாதை திறந்து ஒரு வருடம், ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டி வந்த பெட்டிகள், ஜெனரேற்றர் சத்தத்துக்கு நடுவில் பாடம். சேர் சீடியின் மேல் மார்க்கர் பேனையால் கீயை எழுதி வைத்திருப்பார். ஊரில் இருந்த அத்தனை கொம்பியூட்டருக்கும் அந்த ஒரே கீதான், சங்கக்கடைத் தராசு மாதிரி. விண்டோஸ் எக்ஸ்பி 2001 ஒக்டோபரில் வந்தபோதுதான் 30 நாளுக்குள் ஆக்டிவேட் செய்யாவிட்டால் உள்ளே விடமாட்டோம் என்ற சட்டமும் கூட வந்தது என்று சேர் சொன்னார். அந்த ஒக்டோபரில் எங்கள் பக்கத்தில் கறண்ட் கம்பியே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனத்துக்கு 30 நாள் கெடு வைத்தால் எப்படி இருக்கும்?

சேர் சொன்ன இன்னொன்றும் மறக்கவில்லை. எக்ஸ்பியில் பதிவு வேறு, ஆக்டிவேசன் வேறு. பெயர் விலாசம் கொடுத்துப் பதிகிறது விருப்பம் என்றால் செய்யலாம், விட்டாலும் ஒன்றும் இல்லை. ஆக்டிவேசன்தான் கட்டாயம். வகுப்பே சிரித்தது. எங்களுக்கு அப்படியே மாறி. பதிவு கட்டாயம், அதுவும் மாதத்துக்கு ஒன்று. பதிந்த பிறகு ஏதாவது ஓடத் தொடங்குமா என்றால், அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் வீட்டுத்திட்டத்துக்குப் பதிந்துவிட்டு இருக்கிற சனத்தைப் போய்க் கேளுங்கள்.

கனடாவில் இருக்கிற ஸ்காபரோ அண்ணை போன முறை வந்தபோது என்னுடைய கள்ளக் கொப்பியைக் கண்டு முகம் சுளித்தார். திரும்பிப் போகும் முன் கொழும்பில் ஒரு கடையில் ஒறிஜினல் கீ உள்ள அட்டை ஒன்று வாங்கி அனுப்பினார். அதோடு அரை மணித்தியாலப் புத்திமதியும் இலவசம்.

வீட்டுக்கு வந்து கொம்பியூட்டரைப் போட்டோம். மருமகள்தான், சகோதரியின் பிள்ளை, போட்டாள். உயர்தரத்துக்கு தகவல் தொழில்நுட்பம் எடுத்திருக்கிற திமிரில் அவள் என்னைக் கதிரையிலேயே இருக்கவிடுவதில்லை. ஆக்டிவேட் செய்யாத விண்டோஸில் பின்னணிப் படத்தை செற்றிங்ஸ் வழியாக மாற்ற விடாது. அவள் படத்தின் மேல் வலது கிளிக் செய்து ஒரு நொடியில் மாற்றிவிட்டாள். "வாசலைப் பூட்டிப்போட்டு யன்னலைத் திறந்து விட்டிருக்கிறாங்கள் மாமா."

அவள் போட்டது அப்பாவின் படம். முந்தியும் அதுதான் இருந்தது. அல்பம் எல்லாம் 2009-ஓடு போய்விட்டது, மிஞ்சினது அடையாள அட்டையில் இருக்கிற படம்தான். அதை ஸ்கேன் பண்ணிப் பெருப்பித்துப் போட்டிருக்கிறாள். அடையாள அட்டைப் படத்தில் எல்லாரும் ஏதோ களவில் பிடிபட்ட மாதிரித்தானே இருப்பார்கள், அப்பாவும் அப்படித்தான். ஆனால் அம்மாவுக்கு அது போதும். காலமை அடுப்பு மூட்ட முதல் ஒருக்கா கொம்பியூட்டரைப் போடச் சொல்லுவார். ஏதோ கணக்குப் பார்க்கிற ஆள் மாதிரி.

அன்றைக்குப் பார்த்துவிட்டு, "அப்பான்ர தோளில என்ன எழுத்து?" என்றார்.

வலது பக்கக் கீழ் மூலையில், விண்டோஸை ஆக்டிவேட் செய்யுங்கள், செற்றிங்ஸுக்குப் போங்கள் என்று ஆங்கிலத்தில் மங்கலாக இரண்டு வரி. சரியாக அப்பாவின் சேட்டுத் தோளில்.

"இன்னும் பதியேல்லை எண்டு எழுதியிருக்கு அம்மா."

அவ்வளவுதான். பதியேல்லை என்ற சொல் காதில் விழுந்தால் அம்மாவின் உடம்பில் எங்கேயோ ஒரு ஸ்பிரிங் விடுபடும். அலுமாரிக்கு மேலே இருந்து பை இறங்கியது. அந்தப் பையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். குடும்ப அட்டை, கூப்பன், மெனிக்பாம் முகாமில் தந்த அட்டை, மீள்குடியேற்றப் படிவம், எங்கள் ஐந்து பேருடைய பிறப்புச் சான்றிதழ், செத்துப்போன மாட்டின் அட்டை. எல்லாவற்றுக்கும் நடுவில், பொலித்தீனில் சுற்றி, றப்பர்பான்ட் போட்டு, அண்ணை அனுப்பிய விண்டோஸ் அட்டை. நான் அதை எறிந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். "இலக்கம் உள்ள ஒண்டையும் எறியக்கூடாது" என்றார் அம்மா.

25 எழுத்து, ஐந்து ஐந்தாக. நான் வாசிக்க மருமகள் அடிக்க வேண்டும். ஆளைக் குழப்பக்கூடாது என்று அந்தக் கீயில் பூச்சியம், ஒன்று, ஐந்து எல்லாவற்றையும் தவிர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஐந்து உயிரெழுத்தும் இல்லை. ஆனால் நாங்கள் சொல்லும்போது இரண்டு பி வருமே என்று அவர்கள் யோசிக்கவில்லை.

"பி."

"எந்தப் பி? போலுக்கு வாறதோ பேனைக்கு வாறதோ?"

"போலுக்கு வாறது... இல்லை, பொறு, அது எட்டுப் போலவும் கிடக்கு."

மூன்றாம் தரம் கீயை ஏற்றுக்கொண்டது. பிறகு கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, இந்தக் கீ ஏற்கெனவே வேறொரு கொம்பியூட்டரில் பாவனையில் இருக்கிறது என்றது. வேறு கொம்பியூட்டர் எங்கே? இதே பெட்டிதான், மதர்போட் மட்டும் மாறினது. மதர்போட் மாறினால் அதற்கு இது புது ஆள். மருமகள் அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்தினாள்: பழைய போர்ட் எரிஞ்சு போச்சு, ஆனால் கீ இன்னும் அதின்ர பேரிலதான் இருக்கு.

அம்மா ஒரு கணம்தான் யோசித்தார்.

"செத்த ஆளின்ர பேரை இன்னும் அட்டையில வெட்டேல்லை. அதுதானே?"

நான் இந்த விசயத்தை இதைவிட வடிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"உது விதானையாரிட்டப் போனால் செய்து தருவார்" என்றும் சொன்னார். இது கிராம அலுவலர் விதானையாரின் வேலை இல்லை, போனில் கதைக்க வேண்டும். ரன் பெட்டியில் எஸ்எல்யூஐ என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு 4 போட்டால் அந்த வழி திறக்கும். முதலில் எந்த நாடு என்று கேட்டது. "மாவட்டமும் கேட்கும், விதானையார் பிரிவும் கேட்கும், ஆயத்தமா இரு" என்றார் அம்மா. கேட்கவில்லை. அம்மாவுக்கு அந்தப் பதிவில் நம்பிக்கை கொஞ்சம் குறைந்தது.

பிறகு திரையில் ஒரு இலக்கம் வந்தது. இலக்கம் என்று சொல்லக்கூடாது, அது ஒரு ஊர்வலம். ஏழு ஏழாக ஒன்பது கூட்டம், மொத்தம் 63. அதைப் போனில் அமத்த வேண்டும். எங்கள் வீட்டுக்குள் நெற் ஒரு கோட்டில் வரும், கதைக்கிற சிக்னல் கிணற்றடியில்தான் வரும். ஆகவே மருமகள் கொம்பியூட்டரடியில், அம்மா குசினி வாசலில், நான் கிணற்றுக்கட்டில். "எழுதிக்கொண்டு போங்கோ மாமா" என்று அவள் சொன்னாள்தான். 17 வயதுப் பெட்டை சொல்லி நான் கேட்கிறதோ?

முதல் இரண்டு கூட்டமும் வழுக்கிக்கொண்டு போனது. அவள் கத்த, அம்மா கத்த, நான் அமத்த. அம்மாவின் குரல் இதற்கென்றே செய்த குரல். நிவாரண வரிசையில் பின்னுக்கு நிற்கிற ஆளுக்கு முன்னுக்கு நடக்கிறதைச் சொல்லிப் பழகின குரல். மூன்றாவது கூட்டத்தில் மீன்காரர் வந்துவிட்டார். ஹோர்னும் அடித்துக்கொண்டு, "சூடை நானூறு, சூடை நானூறு" என்று. போனில் நான் அமத்தினது நாலு, பூச்சியம், பூச்சியம். பிழை என்றது அந்தக் குரல். நான் மீன்காரரைப் பார்த்துக் கத்த, அவர் "சரி தம்பி, முந்நூற்றைம்பதுக்குத் தாறன்" என்றார். திருப்பி அமத்தும்போது மாமி வேலிக்கு மேலால் வந்து சேர்ந்தார். மீன்காரரைப் பார்த்துப் போட்ட சத்தம்தான் முதலில் சொன்ன சத்தம். லைன் அறுந்தது.

இரண்டாம் முறை அம்மா ஒரு சீஆர் கொப்பியோடு வந்து உட்கார்ந்தார். 63-ஐயும் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். ஒன்றும் கதைக்கவில்லை. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் எங்கள் வரிசைக்கு ஆட்கணக்கு எழுதியது அவர்தான், ஏழுக்கும் ஒன்றுக்கும் யாரும் சந்தேகப்பட முடியாது. நான் அமத்தி முடிக்க, இந்த விண்டோஸ் எத்தனை கொம்பியூட்டரில் இருக்கிறது என்று ஆங்கிலக் குரல் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"என்னவாம்?"

"எத்தினை எண்டு கேட்குது."

"குடும்பத்தில எத்தினை பேரெண்டோ? ஆறு பேர் எண்டு..." அம்மா நிறுத்தினார். "இல்லை, ஐஞ்சு."

மாமியும் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றை அமத்தினேன்.

பிறகு அந்தப் பக்கத்தில் இருந்து ஆறு ஆறாக எட்டுக் கூட்டம், 48 இலக்கம் வந்தது. அம்மா மடியில் கொப்பியை வைத்து எழுதினார். ஒரு இலக்கம் கூட இரண்டாம் தரம் கேட்கவில்லை. மருமகள் அதை வாங்கிக்கொண்டு ஓடினாள். உள்ளே போய்ப் பார்த்தபோது அப்பாவின் தோள் துப்பரவாக இருந்தது. அம்மா சேலைத் தலைப்பால் திரையில் அந்த மூலையை மட்டும் ஒருக்காத் துடைத்தார்.

"2025 ஒக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழமையான அப்டேற் நிண்டிட்டுது மாமா. 11 இந்தப் பழைய போர்ட்டில ஏறாது" என்றாள் மருமகள். இதைச் சொல்ல அவளுக்கு வேறு நேரம் கிடைக்கவில்லை. நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். மாமிக்குத் தேத்தண்ணி போனது. சூடையும் முந்நூற்றைம்பதுக்கே வாங்கியாயிற்று.

இரவு அம்மா சீஆர் கொப்பியில் இருந்து அந்தத் தாளைக் கிழித்து, மடித்து, பொலித்தீனில் சுற்றினார். குடும்ப அட்டைக்குப் பக்கத்தில் வைக்க முதல் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்குப் பரந்தன் பக்கம் போவாயெல்லோ? இதில ரெண்டு போட்டோகொப்பி எடுத்துக்கொண்டு வா."

"ஏனம்மா?"

"ஏனெண்டு கேட்காதை. கொப்பி சரியெண்டு ஜேபியிட்டக் கையெழுத்தும் வேண்டோணுமோ எண்டு பிள்ளையிட்டக் கேள்."