தச்சுப் படிப்பிலிருந்து காண்டோ பள்ளிக்கூடம் வரை

1985இல் தச்சு கற்பதற்கான உதவித்தொகையில் பெர்லின் வந்தபோது, பின்னாளில் கட்டடக் கலைஞரான பிரான்சிஸ் கெரேக்கு இருபது வயது. சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோவில் உள்ள காண்டோ. அங்கே பள்ளிக்கூடம் கிடையாது. ஏழு வயதிலேயே வெளியூர் போய்ப் படித்தவர். பெர்லினில் பகலெல்லாம் கூரை வேலை, மரச்சாமான் வேலை. இரவில் பள்ளிப் படிப்பு. அப்போது தொழிற்பயிற்சி மட்டும் போதவில்லை, பல்கலைக்கழகம் போக 'அபிட்டூர்' என்ற பள்ளி இறுதித் தேர்வைத் தேற வேண்டியிருந்தது. 1995இல்தான் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைக்குச் சேர முடிந்தது, பட்டம் 2004இல்.

வெளிநாட்டில் படிப்பை முதலிலிருந்து தொடங்குகிறவர்கள் இந்த வருடக் கணக்கைப் பார்க்க வேண்டும். பட்டம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. 1998இல் ஊரில் பள்ளி கட்டுவதற்காக நண்பர்களோடு சங்கம் தொடங்கி, சக மாணவர்களிடமெல்லாம் காசு சேர்த்து, 2001இல் காண்டோவில் பள்ளியைக் கட்டி முடித்துவிட்டார்.

மண் சுவர் மழையில் கரைந்துவிடும் என்றுதான் ஊரார் பயந்தார்கள். நியாயமான பயம். களிமண் மிகுந்தால் கல் காயும்போதே வெடிக்கும். மணல் மிகுந்தால் உதிரும். அதனால் மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து, அச்சில் அழுத்திக் கல் அறுத்தார்கள். ஆரோவில்லில் மண் கல் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய வேலை. நேர் வெயிலில் வைத்தால் ஈரம் சீக்கிரம் போய், சிமெண்ட் இறுகாமலே நின்றுவிடும். நிழலில் மூடி, நீர் தெளித்துப் பதப்படுத்த வேண்டும்.

அவருடைய தச்சு அறிவு தெரிவது கூரையில். தகரத்தை நேராகச் சுவர்மேல் போட்டால் வகுப்பறை அடுப்பாகிவிடும். கெரே முதலில் கம்பிகளின் மேல் மண் கற்களைச் சாந்து பூசாமல், இடைவெளி விட்டு அடுக்கி ஓர் உள்கூரை அமைத்தார். தகரத்தை அதற்கு மேலே உயர்த்தி நிறுத்தினார். வெயிலில் தகரம் சுட, அதன் அடியில் உள்ள காற்று சூடேறி வெளியேறும்; அந்த இடத்தை நிரப்ப, வகுப்பறைக் காற்று கற்களின் இடைவெளி வழியே மேலே போகும்; ஜன்னல் வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும். மின்விசிறி வேண்டாம். தகரம் சுவரைத் தாண்டி நீண்டிருப்பதால் சாரலும் மண் சுவரில் படாது.

தூக்க கிரேன் இல்லை. ஆகவே கூரைச் சட்டத்தைக் கான்கிரீட்டுக்குப் போடும் சாதாரணக் கம்பியிலேயே செய்தார்கள்: ரம்பத்தால் அறுத்து, சின்ன வெல்டிங் இயந்திரத்தால் பற்றவைத்து, ஆட்களே தூக்கி வைக்கும் கனத்தில்.

பட்டம் வாங்கிய அதே 2004இல் இந்தப் பள்ளிக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது. 2022இல் கட்டடக்கலையின் உயரிய பரிசான பிரிட்ஸ்கர் பரிசு பெற்றபோதும் அலுவலகம் பெர்லினில்தான் இருந்தது. காண்டோவில் வேலை பழகிய ஊர் இளைஞர்கள் மற்றக் கட்டடங்களிலும் கூலிக்குப் போகத் தொடங்கினார்கள்.