நிமிடம் எழுதாத செய்முறை அட்டை

ஜூலை 3, வியாழன்

இந்தப் பருவத்தின் சமையல் வகுப்பு இன்று தொடங்கியது. எல்லோருக்கும் பதினான்கு, பதினைந்து வயது. நான்கு அடுப்பு, ஒரே ஓவன். மேசைக்கு நான்கைந்து பேர்.

முதல் நாள் அடுப்பையே பற்ற வைப்பதில்லை. கை கழுவுவது, முடியைக் கட்டிக்கொள்வது, அப்புறம் கத்தி, அவ்வளவுதான். வெட்டும் பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் பலகை நகராது. காய் பிடிக்கும் கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கி, முட்டிகளைக் கத்தியின் பக்கவாட்டில் வைத்துக்கொண்டால் வெட்டு விரலுக்கு வராது. "கூரான கத்தி எங்களுக்கு ஆபத்து இல்லையா மிஸ்?" என்று ஒரு பையன் கேட்டான். மொக்கைக் கத்திதான் ஆபத்து. அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தும்போது வழுக்கும், வழுக்கினால் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

வெங்காயத்தை வேரோடு சேர்த்து இரண்டாகப் பிளந்து, வெட்டிய பக்கம் பலகையில் படும்படி வைக்கச் சொன்னேன். வேரைக் கடைசிவரை விட்டுவைத்தால் அது இதழ்களைப் பிரியாமல் பிடித்துக்கொள்ளும். கண்ணெரிச்சல் பற்றியும் பேச்சு வந்தது. வெங்காயத்தின் செல்கள் உடையும்போது உள்ளே இருக்கும் நொதிகள் கந்தகச் சேர்மங்களைச் சந்திக்கின்றன. அப்போது உண்டாகும் வாயுதான் கண்ணை எரிக்கிறது. கூரான கத்தி குறைவான செல்களையே நசுக்கும், எரிச்சலும் குறையும். கத்திக்குச் சாணை பிடிக்க இதைவிட நல்ல காரணம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

அடுத்த வாரத்துக்கான செய்முறை அட்டைகளைக் கொடுத்தேன். வாங்கியதுமே ஒரு பெண் கையைத் தூக்கினாள். "எத்தனை நிமிஷம்னு போடலையே மிஸ்?" போடவில்லை, இந்தப் பருவம் முழுக்கப் போடப்போவதும் இல்லை. எல்லா அட்டையிலும் "வரை" என்றுதான் இருக்கும். ஓசை மாறும் வரை, ஓரம் விட்டு வரும் வரை, மணம் வரும் வரை.

ஜூலை 10, வியாழன்

வெங்காயம் வதக்கினோம். வேறொன்றும் இல்லை, வெங்காயம் மட்டும்.

நான்கு அடுப்புக்கும் ஒரே அளவு வெங்காயம், ஒரே அளவு எண்ணெய். ஆனால் பாத்திரங்களை வேண்டுமென்றே மாற்றிக் கொடுத்தேன். ஒரு மேசைக்கு அகலமான வாணலி, ஒன்றுக்குச் சின்னப் பாத்திரம், மற்றவற்றுக்கு இடைப்பட்டவை. அகல வாணலியில் ஓரங்கள் பொன்னிறமாகத் தொடங்கியபோது சின்னப் பாத்திரத்தில் வெங்காயம் தன் நீரிலேயே வெந்துகொண்டிருந்தது. இதில் எந்த நிமிடத்தை நான் அட்டையில் எழுதுவது?

எல்லோரையும் வாயை மூடிக்கொண்டு காதைத் தீட்டச் சொன்னேன். நீர் இருக்கும்வரை சத்தம் அடர்த்தியாக, ஈரமாக இருக்கும். நீர் வற்ற வற்ற அது மெலிந்து, விட்டுவிட்டுச் சடசடக்கும். கடைசி வரிசையில் வாயே திறக்காத பையன், "இப்போ மாறுது" என்றான். எட்டிப் பார்த்தோம், ஒரு துண்டின் ஓரம் அப்போதுதான் பழுப்பேறத் தொடங்கியிருந்தது.

காரணத்தை அதற்கப்புறம்தான் சொன்னேன். நீர் ஆவியாகிக்கொண்டிருக்கும் வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். அதைத் தாண்டி 140 டிகிரியை நெருங்கும்போது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வேகமாக வினைபுரிந்து நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் மையார் 1912இல் விவரித்த வினை இது. ரொட்டியின் மேல்தோல், வறுத்த காபிக்கொட்டை, பிஸ்கட், எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. பாடப்புத்தகத்தில் படிக்கும் வேதியியல் மூக்குக்கு எட்டும் இடம் என்பதால் இந்த வகுப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஜூலை 17, வியாழன்

முட்டை. வெள்ளைக்கரு 62 டிகிரி வாக்கில் இறுகத் தொடங்கும், மஞ்சள்கரு இன்னும் கொஞ்சம் மேலே. அடுப்பை அணைத்தாலும் வாணலியின் சூடு வேலை செய்துகொண்டே இருக்கும் என்பதால், கிளறிய முட்டை சற்று ஈரமாக இருக்கும்போதே தட்டுக்கு மாற்ற வேண்டும்.

தீப்பற்றினால் என்ன செய்வது என்பதையும் இன்றே பேசிவிட்டோம். எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் கூடவே கூடாது. அடுப்பை அணைத்து, மூடியால் மூடி, அப்படியே ஆறவிட வேண்டும். கை சுட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம். இதற்கு மட்டும் நிமிடக் கணக்கு உண்டு, அதைப் பலகையிலேயே எழுதிப் போட்டேன்.

ஜூலை 24, வியாழன்

ரொட்டி வாரம். மாவு பொங்கும் வேகமும் வகுப்பு நேரமும் ஒருபோதும் ஒத்துப்போகாது. அதனால் இன்று பிசைந்து குளிர்பதனப் பெட்டியில் வைத்து, நாளை சுடுவதாக ஏற்பாடு. குளிரில் ஈஸ்ட் சாவதில்லை, மெதுவாகிறது. இரவு முழுக்க மெல்லப் புளிப்பதால் சுவையும் கூடும்.

500 கிராம் மாவு, 320 கிராம் வெதுவெதுப்பான நீர், 7 கிராம் உடனடி ஈஸ்ட், 10 கிராம் உப்பு. முதலில் கையெல்லாம் ஒட்டிக்கொண்டு முகத்தைச் சுளித்தவர்கள், விடாமல் பிசைந்ததில் மாவு வழுவழுப்பாக மாறியபோது அவர்களாகவே அமைதியானார்கள். ஓர் உருண்டையைக் கிள்ளி நான்கு பக்கமும் மெல்ல இழுத்தால், கிழியாமல் பின்னால் இருக்கும் விரல் நிழலாகத் தெரிய வேண்டும். அதுவரை பிசைய வேண்டும். மாவின் புரதங்கள் நீரோடு சேர்ந்து பின்னும் க்ளூட்டன் வலை உருவாகிவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி.

ஒரு மேசையில் மாவு கடைசிவரை கொழகொழவென்றே இருந்தது. "எங்களோடது மட்டும் சீக்கிரமாவும் பொங்குது" என்றார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. பக்கத்து மேசை மாவைத் தொட்டுப் பார்த்து, அட்டையை மறுபடி படித்து, உப்புக் கிண்ணம் தொடப்படாமல் இருப்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். உப்பு க்ளூட்டனை இறுக்கும், ஈஸ்டையும் நிதானப்படுத்தும். உடனே உப்பைத் தூவி மறுபடி பிசைந்தார்கள். பத்து முறை பாடம் நடத்தினாலும் இது ஏறியிருக்காது.

ஜூலை 25, வெள்ளி

சுட்டாயிற்று. அடியில் தட்டிப் பார்த்தால் உள்ளீடற்ற சத்தம் வர வேண்டும். சந்தேகப்பட்டவர்களுக்காக வெப்பமானியைக் குத்தினோம், நடுவில் 94 டிகிரி. சரிதான்.

ஜூலை 31, வியாழன்

கேக். முதலில் தராசு. ஒவ்வொருவரும் ஒரே கப்பில் மாவை மொண்டு எடைபோட்டார்கள். கரண்டியால் மெல்லப் போட்டு வழித்தவருக்கு 120 கிராம்; கப்பை மாவில் அமுக்கி அள்ளியவருக்கு 150ஐத் தாண்டியது. இதைப் பார்த்த பிறகு யாரும் கப்பைத் தேடவில்லை.

போன வாரம் க்ளூட்டனுக்காக வியர்வை வழியப் பிசைந்தவர்களிடம், இன்று அது வேண்டாம், மாவு கலந்ததும் கையை எடுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. ரொட்டிக்கு வலு, கேக்குக்கு மென்மை. அதே மாவுதான், கை மட்டும் வேறு. சமையல் சோடாவுக்கு ஒரு புளிப்புப் பொருள் வேண்டும், பேக்கிங் பவுடரில் அது ஏற்கெனவே கலந்திருக்கிறது என்பதையும் தம்ளரில் வெந்நீர் ஊற்றிக் காட்டினேன். சோடா அடங்கிக் கிடந்தது, பவுடர் நுரைத்துக்கொண்டு எழுந்தது.

ஓவன் கதவைப் பாதியில் திறந்து பார்க்க எல்லோருக்கும் கை துறுதுறுத்தது. நடுப்பகுதி இறுகுவதற்குள் திறந்தால் கேக் அமுங்கிப்போகலாம். மணம் வகுப்பைத் தாண்டி வராந்தாவுக்குப் போன பிறகே திறக்க விட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மதிப்பெண் அட்டவணை கேட்டிருக்கிறார்கள். பண்டம் அழகாக வந்ததா என்பதற்கு நான் குறைவாகத்தான் வைத்திருக்கிறேன். "எப்போது அடுப்பை அணைத்தாய், எதைப் பார்த்து முடிவு செய்தாய்?" என்ற கேள்விக்குப் பாதி மதிப்பெண். இந்த வயதில் வீட்டிலும் பள்ளியிலும் முடிவுகளைப் பெரும்பாலும் பெரியவர்களே எடுத்துவிடுகிறார்கள். அடுப்பின் முன்னால் அதை இவர்கள் எடுக்கட்டும். கரண்டியை நான் வாங்கிக் கிளறினால் அந்தப் பண்டம் நன்றாக வரலாம். அடுத்ததை யார் கிளறுவது?

இன்று சோறு வடித்தோம். மீந்ததை அகலத் தட்டில் பரப்பி, சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தாயிற்று. சோற்றில் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரையும் தாங்கி நிற்கும். சோறு வெளியிலேயே கிடந்தால் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. இதைச் சொன்னதும் கடைசி வரிசைப் பையன் மூடி வைத்திருந்த பாத்திரத்தை எடுத்துவந்து, அடியில் ஒட்டியிருந்ததையும் வழித்துத் தட்டில் பரப்பினான்.

அடுத்த வாரம் சூப். கேரட், உருளைக்கிழங்கு, வெங்காயம் மட்டும் வாங்கி வைக்க வேண்டும். அட்டையை அவர்களே எழுதப்போகிறார்கள்.