தேதி போடாத கடிதம்

கருவுற்று 21ஆம் வாரத்தில், மலேசியாவின் ஈப்போ நகரில் நான் தாதியாகப் பணிபுரியும் தனியார் மருத்துவமனையில் ஓர் இரவு, படுக்கையில் சரிந்து கிடந்த முதியவர் ஒருவரை இன்னொரு தாதியுடன் சேர்ந்து தூக்கி அமர்த்திவிட்டுத் திரும்பிய சற்று நேரத்தில் எனக்கு இரத்தப்போக்கு தொடங்கியது. வலி சிறிதும் இல்லை. நஞ்சுக்கொடி தாழ்ந்து கருப்பை வாயை மூடியிருப்பதாக அதற்கு முந்தைய வாரந்தான் ஸ்கேனில் தெரிந்திருந்தது. வலியில்லாமல் வரும் சிவந்த இரத்தத்தை ஒருபோதும் அலட்சியம் செய்யக்கூடாது என்று ஏழாண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்குச் சொல்லிவந்த நானே, அன்று கழிவறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, பணி முடிய இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்றுதான் முதலில் எண்ணினேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. தூக்கியதால்தான் அப்படி ஆயிற்று என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். தாழ்ந்த நஞ்சுக்கொடி படுத்திருக்கும்போதும் கசியும்.

மூன்று நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பியபோது, வீட்டில் எல்லாரும் என் சார்பில் முடிவெடுத்து முடித்திருந்தார்கள். "வேலை எங்கேம்மா ஓடிப்போகப் போகிறது, முதலில் பிள்ளையைப் பார்" என்றார் அத்தை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், நிறைமாதத்திலும் விடியலில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நின்ற என் பாட்டியோ, "நான் பட்டது போதும், நீயும் படவேண்டாம்" என்றார். பாட்டி சொன்னதுதான் என்னை அசைத்தது. அன்றிரவே பதவி விலகல் கடிதத்தை எழுதிவிட்டேன். தேதியை மட்டும் போடவில்லை.

மறுநாள், எங்கள் வார்டில் நெடுங்காலம் பணியாற்றிவரும் மூத்த தாதி ஒருவர் தொலைபேசியில் அழைத்து, கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் வாரங்களை எண்ணிப் பார்க்கச் சொன்னார். 2023 ஜனவரி முதல் தனியார் துறையில் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது எல்லாருக்கும் தெரியும். ஆனால், அந்த 98 நாளுக்கான தொகையைப் பெற, பிறப்புக்கு முந்தைய ஒன்பது மாதங்களில் குறைந்தது 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பதோடு, பிறப்புக்கு முந்தைய நான்கு மாதங்களுக்குள் ஒரு நாளாவது அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்கவும் வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 21ஆம் வாரத்தில் உடனடியாக விலகி, குறித்த நாளில் குழந்தை பிறந்தால், இடையில் 19 வாரங்கள். நான்கு மாதத்தைத் தாண்டிவிடும். நான்கு மாதத்துக்குள் பிரசவம் என்று தெரிந்தே விலகுபவர்கூட, போவதற்கு முன் கர்ப்பமாக இருப்பதை முதலாளிக்குத் தெரிவிக்காவிட்டால் அந்தத் தொகையை இழப்பார். இன்னொன்றையும் அந்த மூத்த தாதி தயங்கித் தயங்கிச் சொன்னார்: 22 வாரத்துக்கு முன் கரு கலைந்தால் சட்டம் அதைப் பிரசவமாகவே கருதாது. அந்த எல்லைக்கு ஒரு வாரம் இப்பால் நின்றுகொண்டுதான் நான் கடிதம் எழுதியிருக்கிறேன்.

பணம் ஒரு காரணந்தான். செம்பனை ஆலையில் முறைவேலை பார்க்கும் என் கணவருடைய சம்பளத்தில் வீட்டுக் கடனையும் என் படிப்புக் கடனையும் சேர்த்துக் கட்டுவது கடினம். எனினும் என்னைத் தடுத்தது வேறொன்று. வேலையை விட்டு வீட்டில் படுத்திருந்தால் பாதுகாப்பு என்று நாங்கள் அனைவரும் நினைத்தோம். ஆனால் கணவர் இரவு வேலைக்குப் போனபின் வீட்டில் இருப்பவர்கள் அத்தையும் பாட்டியும். இருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. எனக்குத் திடீரென்று அதிக இரத்தம் போனால் வேண்டியவை அறுவை அரங்கும் இரத்த வங்கியும். அவை இருப்பது ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு அப்பால் ஈப்போவில், நான் ஒவ்வொரு நாளும் வேலைக்குச் செல்லும் அதே நகரத்தில். வீட்டுக் கட்டிலைவிட மருத்துவமனையின் நாற்காலி எனக்குப் பாதுகாப்பான இடம் என்பதை அத்தைக்குப் புரியவைக்க இரண்டு நாள் ஆனது.

நாற்காலியைப் பெறுவது அதைவிடக் கடினமாக இருந்தது. மருத்துவர் கொடுத்த முதல் சான்றிதழில் 'இலகுவான பணி' என்று மட்டுமே இருந்தது. அதை வாங்கிப் படித்த மேற்பார்வையாளர், இரவுப் பணியை நிறுத்தாமல், நான்கு படுக்கைகளைக் குறைத்துவிட்டு, இதுதான் இலகுவான பணி என்றார். கர்ப்பிணிகள் எல்லாரும் இப்படிக் கேட்டால் வார்டை யார் பார்ப்பது என்ற அவருடைய கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆள் பற்றாக்குறை உண்மைதான். பணி நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்கும் உரிமையும் சட்டத்தில் உண்டு. ஆனால் முதலாளி பதிலளிக்க 60 நாள் அவகாசம் இருப்பதால் அது எனக்கு உதவாது. ஆகவே மருத்துவரிடம் திரும்பிப்போய், நோயாளியைத் தூக்கக்கூடாது, கட்டிலையோ சக்கர நாற்காலியையோ தள்ளக்கூடாது, இரவுப் பணி கூடாது, நெடுநேரம் நிற்கக்கூடாது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதித் தரச் சொன்னேன். அந்தத் தாளை மேற்பார்வையாளரால் தம் விருப்பப்படி விளக்கிக்கொள்ள முடியவில்லை. நான்காம் நாள் என்னை வெளிநோயாளிப் பிரிவின் பதிவு மேசைக்கு மாற்றினார்கள். இரவுப் பணிக்கான படித்தொகை போயிற்று.

இதே நிலையில் இருக்கும் தாதியருக்கு ஒன்று சொல்வேன். கர்ப்பத்தையோ அதனால் வரும் நோயையோ காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்குவதை இப்போது சட்டம் தடுக்கிறது. நாமே விலகல் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தத் தடை நமக்குப் பயன்படாது. ஐந்தாண்டுக்கு மேல் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 22 நாள் நோய் விடுப்பும், மருத்துவமனையில் தங்கினால் அதற்குத் தனியாக 60 நாளும் உண்டு. எம்.சி. (நோய் விடுப்புக்கான மருத்துவச் சான்றிதழ்) எடுக்கக் கூச்சப்படும் பழக்கம் நம்மிடையே ஏன் இவ்வளவு ஆழமாக இருக்கிறதோ தெரியவில்லை, நோயாளிக்கு எம்.சி. வாங்கிக் கொடுப்பதில் நமக்கு அந்தக் கூச்சம் வருவதில்லை.

இப்போது 29ஆம் வாரம். மீண்டும் ஒருமுறை சிறிதாகக் கசிந்தது. இரண்டு நாள் உள்நோயாளியாக இருந்தேன். கருப்பையின் கீழ்ப்பகுதி இனிமேல்தான் விரியும். அப்போது நஞ்சுக்கொடி வாயைவிட்டு மேலே விலக வாய்ப்புண்டு. 32ஆம் வாரத்தில் மறுபடியும் ஸ்கேன். விலகாவிட்டால் 36 அல்லது 37ஆம் வாரத்தில் அறுவைச் சிகிச்சை என்றும், அதுவரை மருத்துவமனையிலேயே தங்க நேரலாம் என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் மகப்பேறு விடுப்பை, சட்டம் அனுமதிக்கும்படி, பிறப்புக்கு 30 நாள் முன்பே தொடங்கிவிடுவேன். கடிதத்தை இன்னும் கிழிக்கவில்லை. அடுத்த மாதப் பணி அட்டவணையில் என் பெயருக்கு எதிரே எல்லாமே காலை நேரப் பணிகள். ஸ்கேன் நாளை மட்டும் விடுப்பாகக் குறித்திருக்கிறேன்.