பினாங்குல அப்பா, அடிலெய்டுல மகன்

ஞாயித்துக்கிழமை பசியாறிட்டு எஸ்பிளனேட் பக்கம் நடந்தேன், கார்ன்வாலிஸ் கோட்டைல பிரான்சிஸ் லைட் சிலைய பாத்ததும் ஆஸ்திரேலியாவுல இருக்கிற அடிலெய்டு ஞாபகம் வந்துடுச்சு. 1786ல பினாங்குல பிரிட்டிஷ் கொடி ஏத்தினாரே, அவரோட மகன் வில்லியம் லைட்தான் அடிலெய்டுக்கே ப்ளான் போட்டவர், அம்மா மார்ட்டினா ரோசெல்ஸ் ஐரோப்பிய-ஆசிய கலப்புல வந்த யுரேஷியன், பொறந்தது நம்ம கெடாவுல!

போன வருஷம் அக்கா மகள் கான்வகேஷனுக்கு அடிலெய்டு போனப்ப மான்டிஃபியோரி குன்று மேல ஏறினோம், வில்லியம் சிலை கீழ இருக்கிற ஊர கை நீட்டி காட்டிட்டு நிக்குது. 1837ல ரெண்டே மாசத்துல அளந்து 1042 துண்டா பிரிச்சிருக்கார், நகரத்த சுத்தி பூங்கா விட்டிருக்கார், அந்தப் பச்சை இன்னமும் இருக்கு, பாக்க அவ்வளவு அழகு. ஆனா அது அங்கத்து பூர்வகுடி கார்னா மக்களோட மண்ணு.

இங்க வந்த வெள்ளக்காரன் துரையா இருந்து சம்பாதிச்சிட்டு கப்பலேறிட்டான், அதனால நமக்கு 1957ல மெர்டேக்கான்னு ஒரு சுதந்திர நாள் இருக்கு. அங்க வந்தவன் குடும்பத்தோட தங்கிட்டான், அந்த மண்ணே அவனோடதாயிடுச்சு, அப்புறம் யாருகிட்ட இருந்து சுதந்திரம் வாங்குறது? 1901ல ஆறு காலனியும் சேர்ந்து ஒரு நாடாச்சு, பிரிட்டன் சட்டத்தோட கடைசி பிடி 1986லதான் விட்டுச்சு. தங்களுக்குன்னு நாட்ட நல்லாவே கட்டிக்கிட்டாங்க, சவுத் ஆஸ்திரேலியாவுல 1894லயே பொம்பளைங்களுக்கு ஓட்டு போடவும் தேர்தல்ல நிக்கவும் உரிமை குடுத்து சட்டம் போட்டுட்டாங்க, அத நான் மனசார மதிக்கிறேன். ஆனா அந்த மண்ணோட சொந்தக்காரங்களான பூர்வகுடிகள நாட்டு ஜனத்தொகை கணக்குல சேர்க்க 1967 வாக்கெடுப்பு வரைக்கும் ஆச்சு, கார்னா மக்களோட நில உரிமைய கோர்ட் ஒத்துக்கிட்டது 2018ல!

கான்வகேஷன் ஹால்ல மைக் புடிச்சவங்க முதல்ல சொன்னதே, இந்த மண்ணோட சொந்தக்காரங்கன்னு, கார்னா பேருதான், எனக்கு சிலிர்த்துப் போச்சு.

வெளியில இருந்து ஆஸ்திரேலியாவுக்கு வர்ற வெள்ளையர் அல்லாதவங்களுக்கு இன்னொரு கதவும் ரொம்ப நாள் சாத்தியே இருந்துச்சு. 1901லயே ஒரு சட்டம், வேணாம்னு நினைக்கிற ஆள நிறுத்தி ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில 50 வார்த்தை சொல்லி எழுதச் சொல்லுவாங்க, எழுதலைன்னா திரும்பிப் போகணும். 1958லதான் அந்த டெஸ்ட்ட எடுத்தாங்க, நிறம் பாத்து ஆள் சேர்க்கிற கொள்கை 1973ல முழுசா போச்சு, பினாங்கோட ஜார்ஜ்டவுனும் அடிலெய்டும் சகோதர நகரமானதும் அதே வருஷம்.

எங்க தாத்தா 1920கள்ல பினாங்கு நிபோங் திபால் பக்கம் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் பால் எடுக்க, வந்தவர். பட்டம் வாங்கின கையோட அக்கா மகள் போன்ல அவரு படத்த எடுத்து, மாமா, இவர் அப்ப இங்க வந்து எறங்கியிருந்தா எந்த மொழியில எழுதச் சொல்லியிருப்பாங்கன்னு கேட்டா.

தாத்தாவுக்கு தமிழ்ல கையெழுத்து போட மட்டும்தான் தெரியும்.